கொடுத்த தேதி

ஜனவரி 1, வியாழன்

கட்சி டைரி வந்துவிட்டது. வழக்கம்போல ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தலைவர் சிரிக்கிறார். போன வருடம் முழுக்க அவர் முகத்துக்குக் கீழேயே அவரைத் திட்டி எழுதியிருக்கிறேன். இந்த வருடம் நாலு நல்ல வார்த்தையாவது எழுத வேண்டும்.

டைரி எழுதுவது என் துணைவர் செல்வமணி போன பிறகு வந்த பழக்கம். எம்.எல்.ஏ.வைக் குறை சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. எம்.எல்.ஏ. சொல்லும் குறையைக் கேட்க வீட்டில் ஒரு மனிதர்தான் இருந்தார். முப்பது வருடம் சாயங்கால டீயோடு என் புலம்பலையும் சேர்த்துக் குடித்தார்.

இன்று நாலு குடும்பம் தேதி கேட்டு வந்தது. எங்கள் கட்சியில் ஐயர் கிடையாது, தாலி கட்டாயம் கிடையாது. கட்சிக்காரர் ஒருவர் தலைமை தாங்கி, உறுதிமொழி வாசித்து, மாலை எடுத்துக் கொடுத்தால் கல்யாணம். அதனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முதலில் என்னிடம் வந்து தேதி வாங்கி, பிறகுதான் மண்டபமே பார்ப்பார்கள். சுடர்க்கொடி தேதி கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இந்தத் தொகுதியில் பெயர். மந்திரி வந்தாலும் மாற்ற மாட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. செல்வமணி இறந்த மாதம், பதினொரு குடும்பங்கள் வந்து தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயின. "தாலியறுத்தவ கையால மாலையா" என்று ஒரு கிழவர் வாசலிலேயே சொன்னார். நான் தாலியே கட்டிக்கொள்ளாதவள், அறுப்பதற்கு ஏது? அன்று சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினேன். உள்ளே போய் அழுதேன். கொடுத்த தேதியைத் திருப்பி வாங்குவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 5, திங்கள்

மனு நாள். அறுபத்து மூன்று மனு. பட்டா, முதியோர் பென்ஷன், ஒரு பாலம், ஒரு மாட்டுக்கொட்டகை. ஒருவர் தன்னோடு மருமகன் பேசுவதே இல்லை என்று மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். இதை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று வேலாயுதத்திடம் கேட்டேன். "நம்மளே வச்சுக்கலாமுங்கக்கா" என்றார். வேலாயுதம் என் பி.ஏ. என் கைப்பையையும் என் கோபத்தையும் முப்பது வருடமாகச் சுமக்கிறவர்.

கடைசியில் ஒரு தேதிச் சீட்டை நீட்டினார். பிப்ரவரி 22, ஞாயிறு, காலை பத்து மணி, கோயமுத்தூர்.

"யாரு வூடுங்க?"

"கட்சிக் குடும்பந்தானுங்க. பொண்ணோட அம்மாவழி அப்பச்சியே அந்தக் காலத்துக் கட்சிக்காரரு. நாப்பது பேருக்கு சின்ன மண்டபம்."

கேட்டவர்கள் அவசரமாகப் போய்விட்டார்களாம். தட்டு மட்டும் இருந்தது. ஆப்பிள், ஆரஞ்சுக்குப் பதிலாக ஒரு டப்பா மக்ரூன். கடைவாய்ப் பல் வலிக்கு மெத்தென்று இருந்தது. நாலு தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

சென்னையிலிருந்து இளம்பரிதி போன். கொள்கை பரப்புச் செயலாளர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், பேச்சில் மட்டும் பதினைந்து வயது பெரியவன்.

போன மாதம் இளைஞரணிப் பையன் ஒருவன் டி.வி.யில் உட்கார்ந்து, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள நம் கட்சி சட்டம் கொண்டுவர வேண்டும் என்று பேசிவிட்டான். எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கொண்டுபோகிறது. தேர்தல் ஏப்ரலில். அதற்குள் வாயை அடைக்க வேண்டுமாம். பிப்ரவரி 8-ஆம் தேதி பொதுக்குழுவில் பதினோராவது தீர்மானம்: திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணையும் அமைப்பு, அதற்கு மாறான இணைவுகளுக்கு அங்கீகாரம் கேட்பதைக் கட்சி ஏற்காது.

"நீங்கதான் முன்மொழியணும்க்கா. மகளிரணித் தலைவி. ஆயிரம் கல்யாணம் பண்ணி வச்சவங்க. உங்க வாயால வந்தாத்தான் எடுபடும்."

கட்சி சொன்னால் செய்வதுதான். சரி என்றேன்.

மகள் ஆதிரைக்குப் போன் செய்யவில்லை. ஆபீசில் வேலையாக இருப்பாள்.

ஜனவரி 10, சனி

மிக்ஸி ரிப்பேர். கடையில் மாவு வாங்கினேன். புளித்த மாவு. மக்ரூன் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆதிரை வந்திருக்கிறாள், கூடவே அறைத்தோழி பிலோமினாவும். ஆதிரை என் ஒரே மகள், கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் இன்ஜினியர், வயது முப்பது. அந்தப் பெண் தூத்துக்குடிக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஏழு வருடமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகை. கோயமுத்தூரில் வாடகை ஜாஸ்தி.

பிலோ வந்ததும் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுச் சரி செய்துவிட்டாள். உப்பு எங்கே, நெய் எங்கே என்று கேட்காமலே எடுக்கிறாள். செல்வமணி போட்டோவுக்கு நான் மாலை போடுவதில்லை, அவருக்குப் பிடிக்காது. அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்து அதன் முன்னால் வைத்தாள். "அப்பாக்கு மத்தியானம் பழம் இல்லாட்டி கோவம் வரும்லாம்மா" என்றாள்.

போன தேர்தலின்போது அவர் கோயமுத்தூரில் இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் வேட்பாளர், ஊர் ஊராகக் கைகூப்பிக்கொண்டிருந்தேன். இரவில் ஆதிரை இருந்தாள், பகலில் பிலோ. அவள் உள்ளே போய்வரக் கொடுத்த பாஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உறவு என்ற இடத்தில் 'மருமகள்' என்று இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பாக எழுதிவிட்டார்கள். எங்களுக்கு மகன் கிடையாது.

இரண்டு பேரும் ஆதிரை அறையிலேயே படுத்துக்கொண்டார்கள். அகலமான கட்டில்தான்.

ஜனவரி 17, சனி

எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் கிளம்பும்போது ஆதிரை ஒரு கவரை நீட்டினாள். "ப்ரூஃப் பாத்துக் குடுங்கம்மா. எழுத்துப்பிழை இருந்தா உங்களுக்குப் புடிக்காது."

திருமண அழைப்பிதழ். பிப்ரவரி 22, ஞாயிறு, காலை பத்து மணி. மணமக்கள்: செ. ஆதிரை, ம. பிலோமினா. தலைமை: என் பெயர்.

"இது என்ன கண்ணு?"

"நீங்க குடுத்த தேதிம்மா." பச்சை மையில் என் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டினாள்.

"ஏமாத்தி வாங்கியிருக்க."

"வரிசைல நின்னு வாங்கினேன். நாப்பத்தியோராம் டோக்கன். உள்ள வரத்தான் தைரியம் வரல. வேலாயுதம் மாமாகிட்டத் தட்டைக் குடுத்துட்டு, வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன்."

இந்தப் பக்கத்தில் யார் தூத்துக்குடி மக்ரூன் கொண்டுவருவார்கள் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லையா, யோசிக்க விரும்பவில்லையா, தெரியவில்லை.

"நேரா வந்து கேட்டிருக்கலாமல்ல?"

"ஏழு வருசமா நேராத்தாம்மா நிக்கறேன்."

அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எனக்குத் தேர்தல் வருது". மகள் கல்யாணச் செய்தி சொல்கிறாள், நான் தேர்தல் என்கிறேன். எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பிலோ சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாரோம்மா" என்றாள். தீர்மானத்தைப் பற்றி இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வேலாயுதத்தைப் போனில் வேலையை விட்டு நிறுத்தினேன்.

ஜனவரி 19, திங்கள்

வேலாயுதம் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து மனு நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

"உங்களை நிறுத்திட்டேனே?"

"ஆமாங்க, சொன்னீங்க. மனுவுக்கு ஆளு வந்து நிக்குதுங்களே."

கத்தினேன். எனக்குத் துரோகம் செய்துவிட்டார் என்றேன். கூட்டம் வெளியே காது கொடுக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்கக்கா, முப்பது வருசத்துல எப்பவாச்சும் என்ன சாதி, என்ன மதம், ஆரு என்னன்னு கேட்டுத் தேதி குடுத்திருக்கீங்களா? 'ரெண்டு பேருக்கும் சம்மதமா'ன்னு ஒண்ணுதான் கேப்பீங்க. அதை நானும் அந்தப் புள்ளைங்ககிட்டக் கேட்டனுங்க. சம்மதம்னாங்க."

கதவைத் திறந்துவிட்டு மனுக்களை வாங்கினேன். மருமகன்காரர் மறுபடி வந்திருந்தார். மருமகன் இப்போது பேசுகிறானாம், அதுதான் தாங்க முடியவில்லையாம்.

ஜனவரி 23, வெள்ளி

பொதுக்குழுவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். எட்டாம் தேதி மண்டபம் கிடைக்கவில்லையாம். பொய். எட்டாம் தேதி தேய்பிறை. எங்கள் கட்சி பகுத்தறிவுக் கட்சி, மேடையில் பஞ்சாங்கத்தைக் கிழிப்போம், ஆனால் எந்தப் பொதுக்குழுவும் தேய்பிறையில் கூடியதாக எனக்கு நினைவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மண்டபம்தான் ஒவ்வொரு முறையும் வளர்பிறையில் கிடைக்கும்.

புதிய தேதி, பிப்ரவரி 22, ஞாயிறு, காலை பத்து மணி, சென்னை.

படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கோயமுத்தூருக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. போக மறுத்தது நானில்லை, கட்சி கூப்பிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதி ஒரு காபி குடித்து முடிக்கும்வரை இருந்தது. பிறகு என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

கட்சிப் பத்திரிகையில் தீர்மானப் பட்டியல் வந்திருக்கிறது. பதினொன்றுக்கு நேராக என் பெயர். ஆதிரை மத்தியானம் போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குரல் ஆபீஸ் குரலாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. தேதியை நீங்களாத் திருப்பி எடுத்துக்கறீங்களா, இல்ல அந்தப் பதினோரு வீட்டுக்காரங்க மாதிரி நான் வந்து திருப்பிக் குடுக்கணுமா?"

"கொஞ்சம் பொறு கண்ணு" என்றேன்.

"சரிங்கம்மா" என்று வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்போது மாலைவரை எந்த வேலையும் ஓடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

அத்தாணியில் கல்யாணம். மாப்பிள்ளை லாரி டிரைவர், பெண் நர்ஸ், வேறு வேறு சாதி. பெண்ணின் அப்பா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, யாரையோ அடிக்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

உறுதிமொழி வாசித்தேன். நானே எழுதியது, முப்பது வருடமாக மனப்பாடம். "நாங்கள் இருவரும் இன்று முதல் வாழ்க்கைத் துணைவர்கள். ஒருவருக்குள்ள உரிமை மற்றவருக்கும் உண்டு. ஒருவரை ஒருவர் அடக்க மாட்டோம். ஒருவருக்கு ஒருவர் அஞ்ச மாட்டோம்." கணவன், மனைவி என்ற சொற்களே வேண்டாம் என்று அன்றைக்கு நான்தான் கட்சிக்குள் சண்டை போட்டு எடுத்தேன். இன்று 'அஞ்ச மாட்டோம்' என்ற இடத்தில் மனப்பாடம் மறந்து நின்றுவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகு உறுதிமொழிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து. இரு வீட்டார் பக்கமும் ஒருவர் பெயர், முகவரி, உறவு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெண் பக்கம் போட ஆளில்லாமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசி வரிசை அப்பா எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கினார். "பெத்தவன் இருக்கறப்ப வேற எவன்டா போடுவான்" என்று ஊரையே திட்டிக்கொண்டு போட்டார். அழுதுகொண்டே கறிச்சோறு சாப்பிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. என்ன கேட்பது?

பிப்ரவரி 6, வெள்ளி

சென்னை. தலைவரைப் பார்த்தேன். எழுபத்தாறு வயது. என் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான்.

"தலைவரே, பதினோராவது தீர்மானத்தை வேற ஆராச்சும்..."

"உக்காரும்மா சுடரு. மொதல்ல டீ குடி." கதவைச் சாத்தச் சொன்னார். "உன் மக விஷயம் எனக்குத் தெரியும்."

"எப்பங்க தெரியும்?"

"செல்வமணி சாவுக்கு வந்தேனே, அன்னைக்கு. உன் மகளை அந்தப் பொண்ணு தாங்கிப் புடிச்சு நின்னுச்சு. எனக்கும் கண்ணு இருக்கும்மா." டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். "எதிர்க்கட்சிக்காரன் மோப்பம் புடிச்சுட்டான். நீயே முன்மொழிஞ்சுட்டா நாளைக்கு எவனும் உன் வீட்டைப் பத்தி வாயத் தொறக்க முடியாது. உன்னைக் காப்பாத்தத்தான் உன் பேரைப் போட்டேன். தொகுதியும் உனக்குத்தான்."

பொய் சொல்லவில்லை. என் மேல் உண்மையான அக்கறையில்தான் செய்திருக்கிறார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

"அப்ப என்ற மக?"

"நல்லா இருக்கட்டும். யாரு வேணாங்கறா? ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கட்டும். கல்யாணம்னு பேர் வச்சாத்தான் தொல்லை. சட்டத்துலயே இடமில்லாத கல்யாணம்மா அது."

"எங்கப்பா அம்மா கல்யாணத்துக்கும் சட்டத்துல இடமில்லீங்களே. நான் பொறந்து நடை பழகினதுக்கு அப்பறந்தானே சட்டம் வந்துச்சு?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஐயர் இல்லாத எங்கள் கட்சிக் கல்யாணம் செல்லாது என்று கோர்ட்டே சொன்ன காலம் உண்டு, என்னை முறையில்லாமல் பிறந்தவள் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள், பிறகுதான் சட்டம் மாறியது என்று மேடைதோறும் பேசுவேன். அதைப் பேசக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான்.

"நேரம் வரட்டும்மா. தேர்தல் முடியட்டும்" என்றார் கடைசியில்.

நான் எழுந்தபோது, "கல்யாணத்துக்கு யாரு தலைமை?" என்று கேட்டார்.

"நான்தானுங்க தேதி குடுத்திருக்கேன்."

"பெத்தவ எப்படித் தலைமை தாங்குவ? நம்ம மொறையில அது கிடையாதே" என்றார், பழைய கட்சிக்காரராக. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாஸை எடுத்துப் பார்த்தேன். பழைய டைரியின் உறைக்குள் இருந்தது. நான் ஜனவரியில் எழுதியது பொய். ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதவில்லை. தலைமையாசிரியர் செல்வமணியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'ம'வைப் பெட்டி மாதிரி போடுவார். முப்பது வருடம் அந்தக் கையில் பால் கணக்கு, பள்ளிக்கூட அட்டெண்டென்ஸ் எல்லாம் பார்த்தவள் நான். ஐந்து வருடமாகப் பாஸையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அது தப்பு என்றும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிலோவுக்குப் போன் செய்தேன். முதல் முறையாக. நம்பரே வேலாயுதத்திடம்தான் வாங்க வேண்டியிருந்தது.

"அந்தப் பாஸை அவரா எழுதினாரு?"

"ஆமாம்மா. ஃப்ரெண்டுன்னு போடுங்கப்பான்னு சொன்னேன். 'ஃப்ரெண்டையெல்லாம் உள்ள விடமாட்டாங்க கண்ணு'ன்னு சொல்லிட்டு எழுதிட்டாவ. எழுதி முடிச்சுட்டு என்னப் பாத்து, 'சரிதானே?'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"அழுதுட்டேம்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவரு?"

"'அவளுக்கு இப்ப எலெக்சன். அது முடியட்டும், நானே சொல்லுதேன்'னாவ."

வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். இந்த வீட்டில் எல்லா நல்ல காரியமும் தேர்தல் முடியட்டும் என்றே காத்திருக்கிறது. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கேட்கும்படி நான் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். போனை வைத்த பிறகு நெடுநேரம் அழுதேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இரண்டு நாள் பேசக் கூடாதாம். தொகுதிக்கே நிம்மதி.

பிப்ரவரி 20, வெள்ளி

இளம்பரிதி நாளை இரவு ரயிலுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறான், நான் வாசிக்க வேண்டிய உரையையும். நன்றாக எழுதியிருக்கிறான். 'குடும்பம்' என்ற வார்த்தை பதினான்கு இடத்தில் வருகிறது.

பச்சைக் கரைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். என் கல்யாணச் சேலை. எலி கடித்த முனையை உள்ளே மடித்துக் கட்டினால் தெரியாது.

பிப்ரவரி 21, சனி

இளம்பரிதிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "அன்னைக்கு முன்னமே ஒரு கல்யாணத்துக்குத் தேதி குடுத்துட்டேன் தம்பி." கால் மணி நேரம் பேசினான். கட்டுப்பாடு, முப்பத்தைந்து வருட உழைப்பு, தொகுதி. எல்லாம் சரிதான். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நடந்தது. களைப்பு. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 23, திங்கள்

கட்சிப் பத்திரிகையில் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி. கட்டுப்பாட்டை மீறியதால் மகளிரணிப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறேன். கீழே தலைவர் கையெழுத்து. தீர்மானத்தை வேறு யாரோ முன்மொழிந்து, நாலு நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டார்களாம். தொகுதி எனக்கில்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் இந்த டைரிக்கே மானக்கேடு.

மனு நாள். ஒன்பது குடும்பங்கள் வந்து தேதியைத் திருப்பிக் கொடுத்தன. எல்லோருக்கும் காபி கொடுத்தேன். பத்தாவதாக அத்தாணிக்காரர் வந்தார், கல்யாணத்தில் பேனா பிடுங்கிய அப்பா. சின்ன மகளுக்குத் தேதி வேண்டுமாம். "பேப்பரு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். படிக்கத் தெரிந்தவர்தான். ஏப்ரல் 26 கொடுத்தேன்.

இனி நேற்றைய கதை.

மண்டபத்தில் நாற்பது நாற்காலி, முப்பத்திரண்டு பேர். ஆதிரை மாம்பழ மஞ்சள், பிலோ நீலம். பிலோவின் அம்மா வரவில்லை. அண்ணன் மட்டும் வந்து, செருப்பைக் கழற்றாமல் கதவோரம் நின்றார். பழக்கதோஷத்தில் நேராக மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டேன். அப்புறம்தான் தலைவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நம் முறையில் பெற்றவள் தலைமை தாங்கக் கூடாது. அவர் சொன்னதில் அது மட்டும் சரி.

"இன்னைக்கு வேலாயுதம் அண்ணன் தலைமை தாங்குவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கி முன் வரிசையில் உட்கார்ந்தேன். முப்பது வருடமாகக் கல்யாண மேடையை மேலிருந்து பார்த்தவள், கீழே உட்கார்ந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. வேலாயுதத்துக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. என் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே உறுதிமொழி வாசித்தார். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'அஞ்ச மாட்டோம்' என்று ஆதிரை சொன்னபோது என்னைப் பார்த்தாள். மாலை மாற்றினார்கள். நான் கையைத் தட்டினேன், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

சாட்சிக் கையெழுத்து வந்தது. ஆதிரை பக்கம் வேலாயுதம் போட்டார், உறவு: மாமா. பிலோ பக்கம் காலியாக இருந்தது. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். அண்ணன் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். கண் சிவந்திருந்தது, ஆனால் வரவில்லை. பிலோ சிரிக்க முயன்றாள். "பரவால்ல, காலியாவே இருக்கட்டும்" என்றாள்.

சட்டப்படி அந்தத் தாள் எங்கும் செல்லாது என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் என் பேனாவை எடுத்தேன். பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'மாமியார்' என்று எழுதினேன். 'ம' பெட்டி மாதிரி வந்துவிட்டது.

தாளை அவள் பக்கம் திருப்பி, "சரிதானே?" என்று கேட்டேன்.